கை சுத்தமாக இருந்தால் போதுமா? பெரிக்கிளிஸை முன்வைத்து

ஒரு தலைவரைப் பற்றிப் பேச்சு வந்தால் "அவர் கை சுத்தம்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கிரேக்கர்கள் அத்தோடு விடவில்லை.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்தின் தலைவராக இருந்த பெரிக்கிளிஸ், தகப்பன் விட்டுப்போன சொத்தில் ஒரு திராக்மாகூடக் கூட்டாதவர் என்கிறார் அவர் வரலாற்றை எழுதிய புளூட்டார்க். நடைமுறை விவேகம் எதுவென்று விளக்கும்போது அரிஸ்டாட்டில் இவரைப் போன்றவர்களைத்தான் காட்டுகிறார்: தனக்கும் மக்களுக்கும் எது நல்லது என்று பார்க்கத் தெரிந்தவர்கள்.

பிளேட்டோவின் 'கோர்கியாஸ்' உரையாடலில் வரும் சாக்ரடீஸ் நேர் எதிர்ப்பக்கம். சாதுவாக வாங்கிய கழுதையை ஒருவன் உதைக்கிற கழுதையாக்கிவிட்டால் அவன் நல்ல மேய்ப்பனா என்று கேட்கிறார். பெரிக்கிளிஸ் கூலி கொடுத்துப் பழக்கி மக்களைச் சோம்பேறிகளாகவும் வாயாடிகளாகவும் ஆக்கினார், கடைசியில் அதே மக்கள் அவர்மீதே திருட்டுக் குற்றம் சுமத்தித் தண்டித்தார்கள் என்பது சாக்ரடீஸின் வாதம்.

தலைவர் எப்படிப்பட்டவர் என்பதோடு நிற்காமல், அவர் கையில் மக்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பது சரியான கேள்வி. ஆனால் கூலியைப் பற்றிய குற்றச்சாட்டை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஜூரியாக உட்கார்ந்தவர்களுக்கு அவர் தினப்படி ஏற்படுத்தினார். ஒரு நாள் வேலை போனால் அடுப்பு எரியாத குயவர் வேறு எப்படி நீதிமன்றத்தில் போய் உட்காருவார்? அது இல்லையென்றால் சொத்துக்காரர்கள் மட்டும்தானே தீர்ப்பு எழுதியிருப்பார்கள்!

பெரிக்கிளிஸ் சறுக்கியது நீதியில். பாரசீகத்தை எதிர்க்கப் பல நகரங்கள் சேர்ந்து அமைத்த கூட்டணியின் கருவூலம் கி.மு. 454 வாக்கில் டெலோஸ் தீவிலிருந்து ஏதென்ஸுக்கு வந்துவிட்டது. அதை எடுத்துப் பெரிக்கிளிஸ் ஏதென்ஸை அழகுபடுத்தியபோது, கூட்டாளிகள் போருக்குக் கட்டிய பணத்தில் நம் ஊருக்கு அலங்காரமா என்று சபையிலேயே சிலர் எதிர்த்தார்கள். காவல் காக்கிறோம், கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பது அவர் வாதம். கி.மு. 439-இல், எதிர்த்து நின்ற சாமோஸ் தீவை முற்றுகையிட்டுப் பணியவைத்தார். அவர்கள் மதிலை இடித்து, கப்பல்களை ஒப்படைத்து, தங்களைத் தாக்கிய போரின் செலவையும் தவணையில் கட்டினார்கள்.

கூட்டாளிகள் கட்டிய அந்தக் கப்பத்தையும் ஏதென்ஸின் துறைமுகங்களையும் பிளேட்டோவின் சாக்ரடீஸ் குப்பை என்றே தள்ளுகிறார். அவர் கவலையும் ஏதென்ஸ்காரர்களின் ஆன்மா கெட்டதைப் பற்றித்தான். கப்பம் கட்டியவர்களின் பக்கத்திலிருந்து அவர் பார்க்கவில்லை. எனக்கு முதலில் நிறுத்துப் பார்க்க வேண்டியது அதுதான்: ஓட்டுப் போட முடியாதவர்களிடம் அந்தத் தலைவர் எப்படி நடந்துகொண்டார்?

சாகக் கிடந்தபோது பெரிக்கிளிஸ் தன் பெருமையாகச் சொன்னதை புளூட்டார்க் பதிந்திருக்கிறார்: என்னால் எந்த ஏதென்ஸ்காரரும் துக்க உடை உடுத்தியதில்லை. அந்தக் கணக்கில் சாமோஸ்காரர்கள் வரவே இல்லை.