மேட்டூரின் வீண் வெப்பம் ஏற்காட்டுக்கு இலவசமாக வருமா?

மேட்டூர் அனல் மின் நிலையம் வீணாக்கும் வெப்பத்தைக் குழாய் வழியே ஏற்காட்டுக்கு ஏற்றினால், டென்மார்க்கைப் போல வீடுதோறும் இலவச வெந்நீர் கிடைக்கும் என்றொரு செய்தி சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இது தவறு.

டென்மார்க்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் பொது வெப்பக் குழாய் வலையமைப்பில் இணைந்துள்ளன என்பது உண்மைதான். ஆனால் அங்கும் மக்கள் கட்டணம் செலுத்துகிறார்கள். வெப்பம் மலிவாகக் கிடைத்தாலும், வெப்பக்காப்பிட்ட குழாய்களுக்கும் பம்புகளுக்கும் போடும் முதலீடு பெரிது என்பதால், நெருக்கமாக அமைந்த வீடுகள் ஆண்டில் பல மாதங்கள் வெப்பத்தை வாங்கினால்தான் அது திரும்பி வரும். ஏற்காட்டிலோ குளிர்கால இரவுகளில் ஒரு போர்வை போதும்.

அதைவிடப் பெரிய தடை உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அடிவாரத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் நிற்கும் நீர்த்தூண் கீழ்க்குழாயில் ஏறத்தாழ 120 பார் அழுத்தம் தரும், இத்தகைய குழாய்களோ வழக்கமாக 16 அல்லது 25 பாருக்கே வடிவமைக்கப்படுகின்றன. மேலும், மின் நிலையக் குளிர்விப்பு நீர் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ்தான். அதைவிடச் சூடாக வேண்டுமென்றால் டர்பைனிலிருந்து நீராவியை எடுக்க வேண்டும், அப்போது மின் உற்பத்தி குறையும். வீண் வெப்பத்துக்குச் சேலத்தில் வாடிக்கையாளர் தேட வேண்டுமென்றால், மலைக்கு மேலே அல்ல, ஆலைக்கு அருகிலேயே உலர்த்தும் வேலை நடக்கும் தொழிற்கூடங்களில்தான் தேட வேண்டும்.