கார்த்திகைச் சீரும் முழங்கால் தண்ணியும்

துபாய்ல கடலுக்குள்ள மண்ணைக் கொட்டி, பேரீச்ச மரம் மாதிரி தீவு போட்டு வீடு விக்கிறான். 2001ல ஆரம்பிச்ச வேலை. புதுச்சேரில அவ்ளோ மெனக்கெட வேணாம். மண்ணை ஏரி வாய்க்கால்ல கொட்டி மனை போட்டா போதும், ரெண்டு மணி நேர மழைக்குத் தீவு தானா வந்துடும். எங்க அக்கா வீடு அப்படி ஒரு தீவுலதான் இருக்கு.

கார்த்திகைச் சீர் எடுத்துக்கிட்டுக் கடலூர்லேருந்து பஸ் ஏறினேன். இந்திரா காந்தி சிலைகிட்ட இறங்கினா அங்கேயே தண்ணி. "அந்த நகரா? எஞ்சின்ல பூந்துடும் சார்"னு மூணு ஆட்டோ போயிடுச்சு. பொரி மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டு நடந்தேன். சாக்கடையும் மழையும் ஒண்ணாக் கலந்த தண்ணி. இடது கால் செருப்பு எங்கேயோ போயிடுச்சு.

அக்கா வீடு கட்டினப்போ வாசல்ல மூணு படி ஏறணும். ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டைச் சுரண்டாம அது மேலயே தாரைக் கொட்டிக் கொட்டி, இப்போ ரோட்டுலேருந்து ஒரு படி இறங்கித்தான் வீட்டுக்குள்ள போறோம். சுரண்டிட்டுப் போட என்னய்யா கேடு? மாமா வாசல்ல செங்கல் வச்சுத் தடுப்பு கட்டினாரு. தண்ணி பாத்ரூம் ஓட்டை வழியா 'குபுக் குபுக்'னு வந்துச்சு. இப்போ அந்த ஓட்டையில துணியைத் திணிச்சு, மேல அம்மிக்கல்லு. ஃப்ரிட்ஜு நாலு செங்கல் மேல நிக்குது.

ஃபெஞ்சல் புயல்ல, 2024 டிசம்பர் 1 காலை வரைக்கும் ஒரே நாள்ல 46 செ.மீ. கொட்டுச்சு. அதுக்கு எந்த ஊரும் மூழ்கும், ஒத்துக்கிறேன். எங்க கடலூரும் ஒழுங்கில்ல, அப்போ சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை ஊருக்குள்ளயே வந்துச்சு. ஆனா அது ஆறு! இங்க ஆறா வந்துச்சு? தண்ணி போற வழியை மறிச்சு வித்தவன் காசை எண்ணிக்கிட்டுப் போயிட்டான், வாங்கினவங்க வருசா வருசம் பக்கெட்டால இறைக்கிறாங்க.

விளக்கை மாடியில ஏத்தினோம். பொரி நமத்துப் போச்சு.

எதிர்ல ஒரு புது போர்டு, 'வீட்டு மனை விற்பனைக்கு'. பாதி தண்ணிக்குள்ள, போன் நம்பர் மட்டும் வெளிய. ஆத்திரத்துல அடிச்சேன்.

"நல்ல மேட்டு மனை சார், நேர்ல வந்து பாருங்க."

"நான் இங்கதான் நிக்கிறேன், நீ வா. எதுல வருவ?"

கட் பண்ணிட்டான்.