ஈசியூ தானா கத்துக்குமாம்!

மறுபடியும் அதே கேள்வி.

"அண்ணே, 440 சிசி இன்ஜெக்டரைக் கழட்டிட்டு 750 போட்டேன். வண்டி கரும்புகையா கக்குது, மிதிச்சா இழுக்கவே மாட்டேங்குது. எந்த ஸ்பார்க் பிளக் மாத்தலாம்?"

பெட்ரோலைப் பீச்சுற இன்ஜெக்டரையே மாத்திட்டு பிளக்காம்.

ஈசியூவை, அதான் இன்ஜின் கம்ப்யூட்டரை, புது இன்ஜெக்டருக்குத் தக்கபடி டியூன் பண்ணினியா தம்பின்னு கேட்டா, "அது எதுக்குண்ணே, ரெண்டு நாள் ஓட்டினா ஈசியூ தானா கத்துக்கும்னு சொன்னாங்களே."

யாருய்யா சொன்னது? அந்த மகராசன் மட்டும் யாருன்னு தெரிஞ்சா போதும்.

சரி, அந்த ரெண்டு நாள்ல அது என்னத்தைக் கத்துக்குதுன்னு சாவி திருப்பின நொடியிலிருந்தே பார்ப்போம். ஈசியூவுக்குள்ள 440ன்னு ஒரு எண் எழுதியிருக்கு. 3 பார் அழுத்தத்துல முழுசா திறந்தே வெச்சா நிமிஷத்துக்கு 440 மில்லி பாயும்னு அர்த்தம். உள்ள வர்ற காத்தை அளந்து, அதுக்கு எவ்வளவு பெட்ரோல்னு கணக்குப் போட்டு, இந்த எண்ணை வெச்சு "இத்தனை மில்லிசெகண்ட் திற"ன்னு உத்தரவு போடுது. அதுக்குத் தெரிஞ்சது நேரம் ஒண்ணுதான். திறக்கிற குழாயையே நீங்க மாத்தி வெச்சது அதுக்கு எப்படித் தெரியும்? கனவுல வந்து யாராச்சும் சொல்லுவாங்களா? 750ஐ 440ஆல வகுங்க. 1.7. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கேட்டதைவிட 1.7 மடங்கு ஊத்துது.

இப்போ கத்துக்கற படலம் ஆரம்பம். புகைக்குழாய்ல இருக்கற ஆக்ஸிஜன் சென்சார் "ரிச், ரிச்"னு, அதாவது பெட்ரோல் ஜாஸ்தின்னு கத்துது. ஈசியூ 5 சதவீதம் குறைக்குது. அப்பவும் கத்துது. 10. 15. 20. பெரும்பாலும் 25 சதவீதத்துப் பக்கம் வந்ததும் கையை விரிச்சிட்டு மஞ்சள் விளக்கைப் போட்டுடும். அவ்வளவுதான் அதோட படிப்பு. 1.7ல கால்வாசி கழிஞ்சா 1.28. ஐடில்ல, அதாவது மிதிக்காம சும்மா ஓடும்போது, 14.7 இருக்கவேண்டிய காத்து-பெட்ரோல் விகிதம் 11.5ல நிக்குது. எண் இறங்கினா பெட்ரோல் ஜாஸ்தின்னு அர்த்தம். பக்கத்துல நின்னா கண்ணு எரியுதே, அது இதுதான்.

அதுக்கப்புறம் நம்மாளு மிதிக்கிறார். முழு த்ராட்டில்ல பெரும்பாலான ஈசியூ அந்த சென்சார் பேச்சைக் காதுலயே வாங்காது, மேப்ல, அதாவது உள்ள எழுதி வெச்ச அட்டவணையில உள்ளதை ஊத்தும். 12ன்னு குறிவெச்ச இடத்துல 7 வரைக்கும் இறங்கலாம். அந்த அளவுல பெட்ரோல் எங்க ஒழுங்கா எரியும்? பிளக் நனையுது. சிலிண்டர் சுவர்ல இருக்கற ஆயில் படலத்தைக் கழுவிட்டு, ரிங்கைத் தாண்டி இறங்கி ஆயிலையும் நீர்க்க வைக்குது. அப்பவும் எரியாம தப்பிச்சது கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதை உருக்கிட்டுத்தான் அடங்கும். ஆனா மாத்தவேண்டியது பிளக். ஆமா, மாத்துங்க. நாலு நாள்ல அதுவும் கரியாகும்.

இதுல டெட் டைம்னு ஒண்ணு இருக்கு, அதைச் சொன்னாலே கொட்டாவி விடறாங்க. காயில்ல கரண்ட் ஏறி, ஸ்பிரிங்கை மீறி ஊசி எழும்பி, பெட்ரோல் வர்றதுக்குள்ள 14 வோல்ட்ல சுமார் 1 மில்லிசெகண்ட் ஓடிடும். 10 வோல்ட்ல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஐடில்ல மொத்தத் திறப்பே 2, 3 மில்லிசெகண்ட்தானே! அதனால இந்த எண் கொஞ்சம் பிசகினாலும் ஐடில் ஏறி இறங்கி ஆடும். ஹெட்லைட்டும் ரேடியேட்டர் ஃபேனும் சேர்ந்து ஓடி வோல்டேஜ் இறங்கினா இன்னும் ஆடும். எந்த வோல்டேஜுக்கு எவ்வளவு டெட் டைம்னு சொல்ற அட்டவணை இன்ஜெக்டருக்கு இன்ஜெக்டர் வேற. அது இல்லாம விக்கிற இன்ஜெக்டரை எவ்வளவு மலிவா கிடைச்சாலும் தொடாதீங்க.

முதல்ல 750 எதுக்குன்னு ஒரு தடவையாவது கணக்குப் போட்டாங்களா? டர்போ வண்டி, 4 சிலிண்டர், 300 ஹெச்பி வேணும்னு வைங்க. ஒரு ஹெச்பிக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல். 300ஐ 0.6ஆல பெருக்கி, 4ஆல வகுத்து, அதை 0.85ஆல வகுத்தா 53 பவுண்டு. மணிக்கு பவுண்டை நிமிஷத்துக்கு சிசி ஆக்க 10.5ஆல பெருக்குங்க, சுமார் 556 சிசி. அந்த 0.85 ஏன்னா, 6000 ஆர்பிஎம்ல ஒரு முழு சுழற்சிக்கு (இன்ஜின் ரெண்டு சுத்து) இருக்கறதே 20 மில்லிசெகண்ட், அதுல 17க்கு மேல திறந்து வெச்சா கையிருப்பே இல்லை. பழைய 440 உச்சத்துலயே 60 சதவீத நேரம்தான் திறந்திருக்குதுன்னா அதைத் தொடவே வேண்டாம். பவர் காத்துல இருந்து வருது சாமி! இன்ஜெக்டர் அந்தக் காத்துக்குப் பந்தி பரிமாறுற ஆளு. கரண்டி பெருசானா சாப்பிடறவன் வயிறு பெருசாகுமா?

இன்னொரு ரகம் இருக்கு. பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தற பிரஷர் ரெகுலேட்டர்ல இருந்து, காத்து போற இன்டேக்குக்குப் போற சின்ன வாக்யூம் ஹோஸை "சும்மாதானே தொங்குது"ன்னு பிடுங்கிட்டு ஓட்டறவங்க. பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கிற காத்தோட அழுத்தம், 1 பார் ஏறும்போது ரெயில் (இன்ஜெக்டருக்குப் பெட்ரோல் கொடுக்கற குழாய்) அழுத்தமும் 4 பாருக்கு ஏறணும். ஹோஸ் இல்லைன்னா அது 3லயே நிக்கும். வாய்ல எதிர்த்துத் தள்ளறது 1 பார், மிச்சம் 2. பாய்ச்சல் அழுத்தத்தோட வர்க்கமூலப்படி போகும்ங்கறதால, பெட்ரோல் அதிகமா வேண்டிய அதே நொடியில 18 சதவீதம் குறையும். லீன் (பெட்ரோல் பத்தலை), நாக்கிங் (கலவை கண்டபடி வெடிக்கறது), பிஸ்டன்ல ஓட்டை. இவங்க பிளக் கூடக் கேக்கமாட்டாங்க, நேரா இன்ஜின் கேப்பாங்க.

12 ஓம் இன்ஜெக்டருக்குன்னு செஞ்ச ஈசியூ டிரைவர் சர்க்யூட்ல 2 ஓம் இன்ஜெக்டரை ரெசிஸ்டர் இல்லாம மாட்டி ஈசியூவையே புகைய விடறவங்களைப் பத்தி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

யானையை வாங்கிட்டு அங்குசத்துக்குக் காசு இல்லைங்கறது இதுதான். புது சிசி, டெட் டைம் அட்டவணை, ரெயிலோட அடிப்படை அழுத்தம். இந்த மூணையும் ஈசியூல ஏத்தி, காத்து-பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமா காட்டுற வைட்பேண்ட் சென்சாரை மாட்டி, முதல்ல ஐடில், அப்புறம் மெதுவா ஓட்டம், கடைசியாத்தான் பூஸ்ட். ரெண்டு நாள்லாம் வேண்டாம், ஒரு மத்தியானம் போதும்.

அது கிடக்கட்டும். இன்ஜெக்டர் கனெக்டர் மேல அந்தச் சின்னக் கம்பிக் கிளிப்பை வெச்ச புண்ணியவான் யாரு? நெம்பினா வராது. இன்னும் கொஞ்சம் நெம்பினா பறக்கும். அதுவும் பக்கத்து இன்ஜெக்டரைக் கழட்டி, இன்டேக் துளையைத் துணி வெச்சு அடைக்காம விட்டிருந்தீங்கன்னா, இவ்வளவு பெரிய பானெட்டுக்கு அடியில அந்த ஒரு துளையைத் தேடிக் கண்டுபிடிச்சுப் போய் விழும். அதுக்கு மட்டும் யாரும் கத்துக்கொடுக்கவே வேண்டாம்.