ட்ரோன் வாங்கிப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பவர்களுக்கு

சீட்டு எடுத்த பணத்தில் ட்ரோன் வாங்கி, இரண்டு வாரம் பெட்டியைத் தொடவில்லை. ஒரு தென்னைமட்டையில் மாட்டினால் போதும், அத்தனையும் போச்சு. அதே பயத்தில் இருக்கும் இரண்டு நண்பர்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

"தைரியமா மேலே ஏத்து, பயம் தானா போயிடும்" என்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். கீழேயே பறந்து பழகினால்தான் பயம் போகும்.

அறுப்பு முடிந்த எங்கள் வயலில், காற்று எழும்பாத காலை நேரத்தில் ஆரம்பித்தேன். ஜிபிஎஸ் கிடைத்து ஹோம் பாயின்ட், அதாவது கிளம்பும் இடம், பதிவாகும்வரை காத்திருந்து, தலைக்கு மேல் ஒரு முழம் ஏற்றினேன். கட்டைவிரல்கள் வியர்த்து ரிமோட்டின் ஸ்டிக்கில் வழுக்கின. பக்கத்தில் நின்ற அண்ணன், "கையை எடுடா" என்றார். எடுத்தேன். அது அந்தரத்தில் அப்படியே நின்றது! பைக் ஓட்டிப் பழகிய கைக்கு இது புரியக் கொஞ்ச நேரமாகும். இங்கே ஸ்டிக்கை விடுவதுதான் பிரேக்.

அன்று ஒரு பேட்டரி முழுக்க அதே உயரம்தான். ட்ரோன் நம்மைப் பார்த்துத் திரும்பினால் இடம் வலமாகிவிடும், கை தடுமாறுவது அங்கேதான். சதுரம் சதுரமாகச் சுற்றி அதை மட்டும் பழகினேன்.

மறுநாள் ரிட்டர்ன் டு ஹோம் (கிளம்பிய இடத்துக்கே தானாகத் திரும்பும் வசதி) உயரத்தைச் சுற்றியுள்ள மரங்களுக்கும் செல்போன் டவருக்கும் மேலே வைத்துவிட்டு, வேண்டுமென்றே தூர அனுப்பி அந்தப் பட்டனை அழுத்தினேன். தானாக ஏறி, திரும்பி வந்து, கிளம்புவதற்காகத் தரையில் விரித்த சாக்குக்குப் பக்கத்திலேயே இறங்கியது. பாதி பயம் அங்கேயே இறங்கிவிட்டது.

மீதி, யாராவது வந்து கேள்வி கேட்பார்களோ என்ற பயம். 2021 ட்ரோன் விதிகளைப் படித்தேன். 250 கிராமுக்கு மேற்படாத நானோ ட்ரோனுக்கு பைலட் சான்றிதழ் தேவையில்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்திலுள்ள வரைபடத்தில் எங்கள் ஊர் பச்சை மண்டலம், 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். உங்கள் ஊர் எந்த நிறம் என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

போன வாரம் சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தலுக்கு மேல் பறக்கவிடச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். கீழே குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன. சிலருக்கு வருத்தம்தான், பரவாயில்லை.

நேற்று முதல்முறையாகக் கண்மாய்க் கரை வரை அனுப்பினேன். விரல் வியர்க்கவில்லை. அம்மா திரையை எட்டிப் பார்த்து, "அது நம்ம மாட்டுக் கொட்டகைதானே?" என்றார்.