பெயின்டரும் பெரிய நாற்காலியும்

ஜெர்மன் தொழில்துறைத் தலைவர் ஹான்ஸ் பீட்டர் வோல்சைஃபர் பற்றி நான் படித்த கட்டுரை அவருடைய பதவிகளை அடுக்கியதோடு நின்றுவிட்டது. தந்தை இறந்ததும் 21 வயதில் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் நிறுவனத்தை ஏற்றவர், 2014 முதல் 2022 வரை ஜெர்மன் கைத்தொழில் மத்தியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தார். அந்தக் காலத்தின் பெரிய காரியம் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

சொந்தமாகக் கடை போட 'மைஸ்டர்' (கைத்தொழிலில் தேர்ந்த வல்லுநர்) தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்ற விதியை 2004இல் ஜெர்மன் அரசு 53 தொழில்களுக்கு நீக்கியது. டைல்ஸ் ஒட்டும் தொழிலில் ஒற்றை ஆள் நிறுவனங்கள் புற்றீசல்போலப் பெருகின. பயிற்சிக்கு ஆள் எடுப்பது சுருங்கியது. விதியை மீண்டும் கொண்டுவரச் சொல்லி, வோல்சைஃபர் தலைமையில் கூட்டமைப்பு விடாமல் வற்புறுத்தியது. 2020இல் டைல்ஸ் உட்பட 12 தொழில்களுக்கு விதி திரும்பியது. போட்டியை முடக்கும் வேலை என்று பொருளாதார வல்லுநர்கள் சிலர் குறை சொன்னார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஏற்கெனவே கடை நடத்தியவர்கள் மீது சட்டம் கைவைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.