தஞ்சாவூருக்கு இரண்டு மணி நேரம் போதுமாம்

அந்தச் சுற்றுலா வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்கும் இந்நேரம் யாராவது அனுப்பியிருப்பார்கள். இரண்டு நாளில் ஐந்து ஊர் என்று போட்ட திட்டத்தில் தஞ்சாவூருக்குப் பதினொன்றரையிலிருந்து ஒன்றரை வரை. பெரிய கோயில், வாசலில் ஒரு போட்டோ, ஒரு இளநீர், கிளம்பு. கடைசியில் "சாப்பாட்டுக்கு இங்கே ஒன்றும் இல்லை, கும்பகோணம் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு யோசனை வேறு. நான் வீடியோவுக்குக் கீழே மரியாதையாகத்தான் கேட்டேன், சன்னதி நடையைப் பன்னிரண்டரைக்குச் சாத்திவிடுவார்களே, அதற்கப்புறம் ஒரு மணி நேரம் என்ன பார்த்தீர்கள் என்று. "ஊர்ப்பாசம் கண்ணை மறைக்குது அக்கா" என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்குச் சிரித்தவர்களில் இரண்டு பேர் என் சொந்தக்காரர்கள்.

கண்ணை மறைக்கவில்லை தம்பி. நாற்பது வருஷமாகப் பார்த்த கண்ணால்தான் சொல்கிறேன். தஞ்சாவூர் ஒரு மாலையும் ஒரு காலையும் கேட்கிற ஊர். நடுவில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், இதற்குத்தான் அத்தனை பேச்சும் வாங்கினேன்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பெரிய கோயில் பிராகாரத்தில் செருப்பில்லாமல் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சுற்றிலும் கல். சித்திரை வைகாசியில் விரித்திருக்கும் பாயை விட்டு ஓரடி தள்ளி வைத்தால் குழந்தைகள் அழுதுவிடும். தலையை நிமிர்த்திக் கருவறைக்கு மேலே எழும்பி நிற்கிற விமானத்தைப் பார்க்க முடியாது, கண் கூசும். அந்த நேரத்தில் வந்தவர் எதைப் பார்ப்பார்? நிழல் இருக்கிற மூலையைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு, பெரிசாக ஒன்றுமில்லை, ஒரு கோயில், அவ்வளவுதான் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வந்த நேரத்தில் அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த திட்டத்தின் மேல்தான் எனக்குக் கோபம்.

அதே இடத்துக்குச் சாயங்காலம் நாலரைக்கு வாருங்கள். கல் ஆறத் தொடங்கியிருக்கும். விமானத்தின் நிழல் கிழக்கே முற்றத்தில் நீண்டு கிடக்கும். ஆமாம், நிழல் விழும். விழாது என்று அந்த வீடியோவிலும் சொல்கிறார்கள், பத்தில் எட்டு வீடியோவில் சொல்கிறார்கள். சாயங்காலம் வரை இருந்திருந்தால் அந்த நிழலிலேயே உட்கார்ந்து எழுந்திருக்கலாம். உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக்கல் என்பதும் அப்படித்தான், அது பல கற்களை இணைத்துச் செய்தது. ராஜராஜன் 1010-இல் முடித்த, 216 அடி உயரமுள்ள ஒரு கட்டடத்துக்கு இந்தக் கட்டுக்கதை எல்லாம் எதற்கு? மலையே இல்லாத நெல்வயல் சீமைக்கு அவ்வளவு கருங்கல்லை எங்கிருந்தோ கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள், அது போதாதா?

அங்கே படிக்க இருப்பதைப் படிக்கவும் நேரம் வேண்டும். "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறான் ஒரு பேரரசன். தான் கொடுத்ததை முதலில் சொல்லிவிட்டு உடனே அக்காவைச் சொல்கிறான். கோயிலுக்கு ஆட வந்த நானூறு பெண்களுக்கு எந்தத் தெருவில் எந்த வீடு, ஒவ்வொருத்தியின் பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று அத்தனையும் எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது ஒரு தெருவில் குடியிருப்பவர்கள் பெயர் நமக்குத் தெரியுமா? இதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போக முடியாது. சுவர் பக்கமாக மெதுவாக நடக்க வேண்டும், எழுத்துக் கூட்ட வேண்டும். எனக்கு அந்த எழுத்தில் இருபது முப்பது எழுத்துதான் அடையாளம் தெரியும், அதுவும் அப்பா சொல்லிக் கொடுத்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

அப்பா கீழவாசலில் ஒரு விதைக் கடையில் கணக்கு எழுதினார். படித்தது எட்டாவது. ஆனால் வீட்டுக்கு யார் விருந்தாளி வந்தாலும் ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பை அவரே எடுத்துக்கொள்வார், அதற்கு அவரிடம் ஒரு கணக்கு உண்டு. காலையில் அரண்மனை. மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கட்டாயம் தூக்கம். நாலரைக்குக் கோயில், விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவது. மறுநாள் விடியற்காலை மறுபடியும் கோயில். "நேத்துதானே பாத்தோம் மாமா" என்று சொல்பவர்களை விடமாட்டார். நேற்றுப் பார்த்தது சாயங்காலக் கோயில், இது காலைக் கோயில் என்பார். கிழக்கே பார்த்த கோயில் அது. கேரளாந்தகன் வாயிலையும் ராஜராஜன் வாயிலையும் தாண்டி உள்ளே போய், ஆறரை மணி வெயில் விமானத்தின் முகத்தில் நேராக விழுவதை ஒரு தரம் பார்த்தவர்கள் அப்புறம் அப்பாவிடம் எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

அரண்மனையில் அவர் முதலில் கூட்டிப்போவது கலைக்கூடத்துக்கு. திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் செப்புத் திருமேனி ஒன்று இருக்கிறது, 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, பெரிய கோயில் முடிந்த மறு வருஷம். சடையைத் தலைப்பாகை மாதிரிச் சுற்றிக்கொண்டு, ஒரு கையைக் காளையின் மேல் சாய்த்துக்கொண்டு நிற்கிறார் சிவன். காளை இல்லை, எப்போதோ தொலைந்துவிட்டது. அந்தக் கை மட்டும் வெறும் காற்றில் சாய்ந்திருக்கிறது. ஆனாலும் பார்க்கிறவர்களுக்குக் காளை தெரியும். அப்பா அந்தச் சிலைக்கு முன்னால் பேசமாட்டார். நம்மையும் பேசவிடமாட்டார். ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும்.

நான் பிளஸ் டூ படித்தபோது வேளாங்கண்ணி போகிற வழியில் என் சித்தப்பா குடும்பம் வேனில் வந்தது. பதினான்கு பேர். காலையிலேயே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள், அப்பா கடையில் லீவு சொல்லிவிட்டுச் சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா இட்லிக்குக் கடப்பாவும் இனிப்புக்கு அசோகாவும் செய்திருந்தாள். பன்னிரண்டேகாலுக்கு வேன் நேராகக் கோயில் வாசலுக்கே போய்விட்டது. அப்பா சைக்கிளில் அங்கே ஓடினார். போய்ச் சேரும்போது நடை சாத்துகிற நேரம். சித்தப்பா வேன் ஜன்னலிலிருந்தே, "அண்ணே, கோபுரத்தைப் பாத்தாச்சு, இன்னொரு நாள் வர்றோம்" என்றார். அம்மா செய்ததைத் தூக்கில் போட்டுக் கொடுக்கக்கூட நேரம் இல்லை. அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. காரியத்துக்கு வந்தபோதும் சித்தப்பா அன்றைக்கே திரும்பிவிட்டார்.

இப்போது வருகிற கேள்விகளுக்கும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கும் வந்து கேட்பீர்கள்.

எல்லோருக்கும் லீவு கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். கிடைக்காது, தெரியும். நான் கூடுதலாக ஒரு நாள் கேட்கவில்லை. ஐந்து ஊரை இரண்டாக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். அதே இரண்டு நாள், அதே லீவு. சென்னையிலிருந்து ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலையில் கும்பகோணம், பாபநாசம் எல்லாம் தாண்டித் தஞ்சாவூரில் இறக்கிவிடும். மார்கழியில் வந்தால் ஊரைச் சுற்றிலும் சம்பா வயல்.

தங்கச் செலவாகும் என்றார்கள். ஐந்து ஊருக்கு வேன் டீசலும்தான் ஆகிறது.

வயதானவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு எப்படி என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். அவர்களுக்காகத்தானே சொல்கிறேன்! எழுபது வயது அம்மாவை உச்சி வெயிலில் கருங்கல்லில் நடக்க விட்டு, உடனே வேனில் ஏற்றி, ஒரு மணி நேரம் கழித்து அடுத்த ஊரில் இறக்கி மறுபடி நடக்க விடுவதுதான் சௌகரியமா? சாயங்காலம் அதே அம்மாவை முற்றத்தில் உட்கார வையுங்கள். ஊர்க்காரர்கள் குழந்தை குட்டியோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள், யாராவது பேச்சுக் கொடுப்பார்கள், பக்கத்தில் இருக்கிற குழந்தையோடு உங்கள் குழந்தை ஓடும்.

சாப்பாட்டுக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இங்கே பெரிய போர்டு வைத்து, வாசலில் வரிசை நிற்கிற கடைகள் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். அதனால் சாப்பாடே இல்லை என்று ஆகிவிடுமா? காவிரித் தண்ணீரில் நெல் விளைகிற ஊரில் வந்து நின்றுகொண்டு இதைச் சொல்லலாமா? இட்லிக்குக் கடப்பா எங்கே கிடைக்கும் என்று ஒரு ஆட்டோக்காரரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பாசிப்பருப்பையும் உருளைக்கிழங்கையும் வேக வைத்து, தேங்காயும் சோம்பும் பொட்டுக்கடலையும் அரைத்து விட்டுச் செய்வது. குருமாவும் இல்லை, சாம்பாரும் இல்லை, இந்தப் பக்கத்துக்கே உரியது. சந்திரகலா என்று ஒரு இனிப்பு, உள்ளே கோவா வைத்து மடித்துப் பொரித்துப் பாகில் போட்டது. அசோகா சாப்பிடத் திருவையாறு போக வேண்டும், அரை மணி நேரம்தான். வழியில் வரிசையாக ஆற்றுப் பாலங்கள், வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. தண்ணீர் ஓடுகிற நாளில் ஒவ்வொரு பாலத்திலும் காற்று மாறும். பாசிப்பருப்பை நெய்யில் கிளறிய அசோகாவை அங்கே சூடாக வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தியாகராஜர் சமாதி வரைக்கும் நடந்து போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். அதற்கப்புறம் வந்து சொல்லுங்கள், இங்கே ஒன்றும் இல்லை என்று.

கும்பகோணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. என் அம்மாவின் ஊரே அதுதான். அந்த ஊருக்கும் இரண்டு மணி நேரம் போதாது.

இன்னொருத்தர், கோயிலைத் தவிர என்ன இருக்கிறது என்றார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்து பாதியில் விட்டுவிட்டேன். என்ன சொல்வது? சிவகங்கைப் பூங்காவுக்குள் 1779-இல் கட்டிய சுவார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது. அதற்குள் ஒரு பளிங்குச் சிற்பம். மரணப் படுக்கையில் இருக்கும் சுவார்ட்ஸ் பாதிரியாரின் பக்கத்தில் சரபோஜி மன்னர் நிற்கிறார். தன்னை வளர்த்து ஆளாக்கியவருக்காக லண்டனில் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சொல்லி அவரே செய்வித்தது. பெரிய கோயிலிலிருந்து நடக்கிற தூரம். சரஸ்வதி மகால் நூலகம் இருக்கிறது, கீழவாசலில் பீரங்கி மேடு இருக்கிறது, மேலவீதியில் பரதநாட்டியத்துக்கு வடிவம் கொடுத்த சகோதரர்கள், தஞ்சை நால்வரின் வீடு இருக்கிறது. பலா மரத்தைக் குடைந்து வீணை செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மரத்தூள் வாசனையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம், யாரும் எழுந்து போகச் சொல்லமாட்டார்கள். ஆனால் இதெல்லாம் பதினொன்றரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில் எப்படித் தெரியும்?

எங்கள் ஊர்க்காரர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. வீடியோவுக்குக் கீழே "உண்மைதான் ப்ரோ, எங்க ஊர்ல ஒண்ணுமில்ல" என்று எழுதியது எங்கள் தெருப் பையன். பெரிய கோயில் முற்றத்தில் பந்து விளையாடி வளர்ந்தவன். அந்தக் காளை இல்லாத ரிஷபவாகனரை அவனுக்கு யாரும் காட்டவில்லை போலிருக்கிறது. அப்பா இருந்திருந்தால் கூட்டிப்போயிருப்பார். நானாவது கூட்டிப்போயிருக்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி உழவனில் சித்தப்பாவின் மகள் வருகிறாள், வேனில் அன்றைக்கு ஏழு வயதுப் பெண்ணாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள். அவளே போன் பண்ணி, "அக்கா, ரெண்டு ராத்திரி தங்குற மாதிரி வரலாமா, பெரியப்பா காட்டுற மாதிரியே காட்டு" என்று கேட்டாள். அம்மா இப்போதே பாசிப்பருப்பு வாங்கி வைத்துவிட்டாள். தெருப் பையனையும் சனிக்கிழமை காலை அரண்மனைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறான்.