மூச்சு எங்கே விடுவது?
பிள்ளைகள் கவிதையை உணர்ச்சியோடு வாசிக்க முகபாவமும் கையசைவும் பழக்குங்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரி, ஆனால் அதெல்லாம் அப்புறம். முதலில் மூச்சு எங்கே விடுவது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

391ஆம் குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கற்க கசடறக் கற்பவை கற்றபின்' என்று நான்கு சீரில் முதல் அடி முடிகிறது. ஒப்பிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் அங்கேதான் நிறுத்துவார்கள். பொருளோ 'கற்பவை'யிலேயே நின்றுவிடுகிறது. 'கற்றபின்' அடுத்த அடியின் 'நிற்க'வோடு சேர வேண்டியது. என் மகளை இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். இரண்டாவது முறை சொன்னதும், "அப்பா, இப்பதான் புரியுது" என்றாள். குரல் தானாகவே மாறியிருந்தது. நடிக்கச் சொல்லவே இல்லை.

எழுத்தை அதன் அளவுக்கு மேல் நீட்டி ஒலிக்கும் அளபெடையும் அப்படித்தான். 12ஆம் குறளில் வரும் 'தூஉம்' என்பதைத் தூ, உம் என்று வெட்டி வாசிக்கிறார்கள். அந்த உகரம் தனியாக ஒலிப்பதற்கு அல்ல, 'தூ'வை இன்னும் ஒரு மாத்திரை, அதாவது ஒரு கண்ணிமைப் பொழுது, நீட்டு என்பதற்கான அடையாளம். எப்படி வாசிக்க வேண்டும் என்று பாட்டுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள்!

போட்டி மேடையில் தொண்டை கிழியக் கத்தும் பிள்ளைக்குத்தான் பரிசு என்பது வேறு கதை.